இல்லாத போனுக்கு ஒரு கர்னல்

ஔலு நகரத்தில் பிப்ரவரி.
மைனஸ் இருபத்தியாறு.
விர்பியின் சமையலறை மேசையில்
கடித்து வைத்த கம்பு ரொட்டி, ஆறிய காபி,
ஒரு மடிக்கணினி.
அதற்குள் ஒரு கைப்பேசி.

அந்தக் கைப்பேசிக்கு எடை இல்லை.
பஸ்ஸில் தவறவிட முடியாது.
பேட்டரி எப்போதும் ஐம்பது சதவீதம்:
யாரோ ஒரு மதியம் சும்மா எழுதிவைத்த எண்,
அன்றிலிருந்து ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

பதினொரு வருடம் அவள் நிஜப் போன்களோடு இருந்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலையில்
ஒவ்வொன்றையும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து
சிமெண்ட் தரையில் விழவிட்டுப் பார்க்கும் வேலை.
போன்கள் உடையவில்லை.
தொழிற்சாலைதான்.

இப்போது இந்தப் பொய்ப் போனை
கர்னலுக்கு அறிமுகம் செய்துவைக்கிறாள்.
இது உன் கடிகாரம், இந்த முகவரியில் போய்க் கேள்.
இது திரை. இத்தனை பிக்சல் அகலம், கேள்வி கேட்காதே.
இது தொடுகை, விரல் பிறகு வரும்.
ஏட்டுச் சுரைக்காய்க்கு
அடுப்பு மூட்டி, உப்பும் அளந்துவைத்தாள்.

நான்கு இரவாகக்
கருப்பு.
ஒரு எழுத்துகூட இல்லை.

ஞாயிறன்று அண்ணன் யோர்மா
உறைந்த கடல்மேல் அவளைக் கூட்டிப்போனான்.
பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கினான்.
நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எட்டிப் பார்த்தாள்.
"எதுக்குச் சும்மா பார்க்கிறே?
கடிச்சா மணி அடிக்கும்."

கதையாக இருந்தால்
அந்த மணியிலேயே அவளுக்கு விடை கிடைத்திருக்கும்.
கிடைத்தவை இரண்டு பெர்ச் மீன்கள்,
மூன்று நாள் போகாத கையுறை நாற்றம்.

புதன்கிழமை, சாக்ஸ் காயப்போடும்போது:
அந்தக் கடிகாரத்தின் எண் இரண்டு பாதி.
கீழ்ப்பாதியை முதலில் படிக்க வேண்டும்,
அப்போதுதான் மேல்பாதி அசையாமல் நிற்கும்.
அவளோ மேலிருந்து படித்திருக்கிறாள்,
எல்லோரும் செய்தித்தாள் படிப்பதுபோல.
கர்னலுக்கு நேரம்
முன்னும் பின்னுமாகத் தள்ளாடியிருக்கிறது பாவம்,
குடித்தவன் வீட்டுப் படியில் ஏறுவது மாதிரி.

இரண்டு வரி இடம் மாறின.
திரையில் ஒரு வரி வந்தது.
பிறகு நாற்பது.
பிறகு சின்னதாய் ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டு,
என்ன வேண்டும் என்று கேட்பதுபோல.

ப்ர்னோவிலிருந்து ரதீம் பார்த்துச் சொன்னான்:
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக் கடைசியில்
ஒரு இடைவெளி கூடுதல்.
மற்றபடி சரி. ஆனால் யாருக்கு இது?

போன் வாங்கக் காசில்லாமல்
போனுக்கு நிரல் எழுத நினைப்பவனுக்கு,
என்று அடித்தாள். அழித்தாள்.
இடைவெளியை நீக்கிவிட்டேன் என்று மட்டும் அனுப்பினாள்.

அன்றிரவு யோர்மா காபிக்கு வந்தபோது
மடிக்கணினியைத் தூக்கிக்காட்டினாள்,
ஓடுகிறது பார் என்று.
கை, அதன் பாட்டுக்கு,
ஒன்றரை மீட்டரில் வந்து நின்றது.

அவன் கோப்பையை வைக்கவில்லை.
அவளும் கொஞ்ச நேரம்
இறக்கவில்லை.