நம்பர் ஏழு

கருத்தபாறை அரண்மனைக்கு நம்பர் ஏழு.
ஆறு, அரிசி மில். எட்டு, தாலுகா ஆபீஸ்.
அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சில்
ராத்திரி ஷிப்டுக்கு நான்.
ஏழின் மூடி விழும் சத்தம் மட்டும்
கொஞ்சம் வேறு மாதிரி என்பேன்.
"எல்லாம் ஒரே தகரந்தான் எப்சிபா"
என்பாள் பக்கத்து நாற்காலி பிச்சம்மாள்.

சர்க்கார் ஜமீனை எடுத்து எட்டு வருஷம்.
யானை போயிற்று.
லாயத்தில் இப்போது உர மூட்டை.
போகாதது இரண்டு:
சின்னத்துரை வரகுணனின் குரல்,
ஆடி அமாவாசை.

அன்றைக்கு மலைக்கோயில் ஆற்றங்கரையில்
தலைப்பாகை, வாள், நீலக்கல் பதக்கத்தோடு
அவர் உட்கார வேண்டும்.
வரி கிடையாது, வழக்கு கிடையாது,
சனம் வந்து பார்த்துவிட்டுப் போகும்.
"ராசா இல்லாம சாமி எப்படிவே எறங்கும்?"

மிச்ச நாளெல்லாம்
மெட்ராஸ் வக்கீலுக்கு டிரங்க் கால் போட்டு
லைன் கிடைக்கும்வரை என்னோடு பேசினார்.
மெட்ராஸ் லைன் லேசில் கிடைக்காது.
கிடைத்த சில நாளும்
கிடைக்கவில்லை என்றிருக்கிறேன்.
கர்த்தர் மன்னிப்பாராக.

ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில் மேட்னி.
தனித்தனி பஸ்ஸில் போனோம்.
இங்கிலீஷ் படம். இளவரசி ஒருத்தி
சாதாரண ஒருத்தனை விரும்பிவிட்டு
கடைசியில் கையுறையை மாட்டிக்கொண்டு
வண்டியேறிப் போய்விட்டாள்.
முன் பெஞ்சில் எவனோ விசிலடித்தான்.
நான் அழவில்லை. அவர் அழுதார்.
வெளியே வந்து சோடா குடிக்கையில் சொன்னார்:
"அவளுக்காவது ஒரு நாடு இருக்கு.
எனக்கு ஒரு நாள்தான் இருக்கு.
அதையும் விட்டுட்டா
அந்தச் சனம் யாரப் பாக்க மலையேறும்?"
பாட்டிலுக்குள் கோலி உருண்டது.
நான் பதில் யோசிப்பதற்குள்
அம்பை பஸ் வந்துவிட்டது.

மாசியில் ஒரு ராத்திரி, பதினொன்று பத்து.
வடக்கே ஒரு ஜமீனிலிருந்து அவசரக் கால்.
ஏழைக் கொடு என்றது பெரிய மனுஷக் குரல்.
கொடுத்தேன்.
லைன் தெளிவா என்று
கொஞ்சம் கேட்டுப் பார்ப்பது எங்கள் வேலை.
கடன் பூராவும் அடைக்கிறோம்,
கோயில் கொடை இனி எங்கள் செலவு,
பெண்ணுக்கு இருபது வயசு,
வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா.

கயிறு என் விரலுக்குள் இருந்தது.
லேசாக இழுத்தால் போதும்.
பாபநாசத்துப் பக்கம் மழை,
மரம் விழுந்தது என்று எழுதியிருக்கலாம்.
மாசியில் என்ன மழை?
சட்டப்படி நான் குறுக்கே பேசினேன்:
"மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கவா?"
அந்தப் பக்கம், "நீட்டு, நீட்டு."
இந்தப் பக்கம் ஒரு மூச்சு.
பிறகு, முன்பின் தெரியாதவளிடம் பேசும் மரியாதையோடு,
"வேண்டாம்மா. பேச வேண்டியது முடிஞ்சிட்டு.
சம்மதம்னு சொல்லியாச்சு."
டிக்கெட்டில் நேரம் குறித்தேன்.
கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஆடியில் லீவு போட்டு மலைக்குப் போனேன்.
முன்னால் நின்றவர் தோளில் ஆட்டுக்குட்டி.
என் சேலைத் தலைப்பை மென்றது.
தலைப்பாகை அவருக்குக் கொஞ்சம் பெரிசு.
நெற்றியில் இறங்கிய வியர்வையைத் துடைக்கக்கூடாதாம்.
பக்கத்தில் அந்தப் பெண் நின்றே இருந்தாள்,
அவளுக்கும் நகை பெரிசு.
என் முறை வந்தது.
எல்லோரையும் பார்த்த அதே அளவு பார்த்தார்.
ஒரு வினாடி கூடுதல் இருந்ததா?
நேரம் கணக்கிடுவது என் தொழில்.
இல்லை.
விபூதி விழுந்த உள்ளங்கையோடு
வேதக்காரி எங்கே பூசுவது?
பழைய டிரங்க் கால் டிக்கெட்டில் மடித்தேன்.

மறுவாரம் ஏழு விழுந்தது, நடுராத்திரிக்கு.
"நம்பர் ப்ளீஸ்."
புதுக் குரல், வடக்கத்திப் பேச்சு,
சத்தம் வெளியே கேட்காமல் தாழ்த்தி:
"எங்க அம்மாகூடப் பேசணுங்க. லைன் கிடைக்குமா?"

உடனே கிடைத்தது.
மூன்று நிமிடம் முடிந்தது.
நான் குறுக்கே பேசவில்லை.