அணிலின் பங்கு

கடிதத்தில் இரண்டு பத்திகள்.
இடப்பக்கம், கல்லூரியில் நான் படித்தவை.
வலப்பக்கம், பல்கலைக்கழகம் அவற்றுக்குப் போடும் விலை.
மின்சுற்று ஒன்று: ஏற்கப்பட்டது.
மின்சுற்று இரண்டு: ஏற்கப்பட்டது.
வெல்டிங் பட்டறை: ஈடு இல்லை.
தொழில்நுட்ப எழுத்து: ஈடு இல்லை.

காகித ஆலையின் ஷிஃப்ட் நோட்டில்
பதினோரு வருடம் எழுதியிருக்கிறேன்.
மூன்றாம் மெஷின் நின்றது. ஓடுகிறது. மறுபடி நின்றது.
இதைவிடச் சுருக்கமாக யாருக்கு எழுத வரும்
என்று கேட்கப் போனேன்.
பதிவாளர் அலுவலக ஜன்னலில்
'உணவு இடைவேளை' அட்டை.

மூன்று வருட டிப்ளமா இரண்டாகச் சுருங்கி
மூன்றாம் ஆண்டின் வாசலில் என்னை இறக்கிவிட்டது.
அதற்கும் முன்னால் ஒரு கோடை இருந்தது.
தண்டர் பே முழுக்க ஏரியில் படகு விட்டுக்கொண்டிருக்க,
எங்களுக்கு ஏழு வாரம் நுண்கணிதம்.
முப்பத்தைந்து வயதில் அது
முழங்கால் வலி மாதிரி:
ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான்.
பக்கத்தில் கபஸ்கேசிங்கிலிருந்து வந்த ரெமி கரோன்,
கழித்தல் குறிகளைத் தொலைப்பவன்.
நான் அடுக்குகளைத் தொலைப்பவள்.
இருவரையும் சேர்த்தால்
ஒரு பொறியாளர் தேறுவார் என்று
கான்டீனில் ஒரு பேச்சு.

பிப்ரவரி.
வெளியே கார்களெல்லாம்
மூக்கிலிருந்து வயர் தொங்க
கம்பங்களில் கட்டுண்டு நிற்கின்றன.
பிடுங்கிவிட்டால் எஞ்சின் விறைத்துவிடும்.
உள்ளே, பாதுகாப்பு ரிலேக்கள்.
கீழே பழுது வந்தால் கீழே இருப்பது முதலில் வெட்ட வேண்டும்.
மேலே இருப்பது பொறுத்திருக்க வேண்டும்,
பத்தில் மூன்று விநாடி.

இரவு, வீட்டுப்பாடம், நான்காம் கணக்கு.
ஒரு மின்மாற்றி, ஒரு ஃபீடர், கடைசியில் ஒரு பம்ப்.
எங்கேயோ பார்த்த முகஜாடை.
புத்தகத்தின் எண்களை அடித்துவிட்டு
ஆலையின் எண்களைப் போட்டேன்.
மேல் ரிலேயின் டயலை நான்தான் வைத்தேன்,
சின்ன ஸ்க்ரூட்ரைவரால், ஒரு கால் திருப்பு.
போதும் என்றது கை.
கை சொன்னால் கேட்பவள் நான்.

இடைவெளி: நூறில் நான்கு விநாடி.
அடுக்கைத் தொலைத்திருப்பேன் என்று மறுபடி போட்டேன்.
நூறில் நான்கு.

இரண்டு மணிக்கு ஆலைக்குப் போன் செய்தேன்.
எடுத்தது டெல்மர் மிஷானோ.
"நாலு வருஷத்துக்கு முன்னால், அந்த இருட்டு..."
"அணில்," என்றான், "பம்ப் ஹவுஸில் கருகிக் கிடந்ததே.
நோட்டில் இருக்கிறது. படம்கூடப் போட்டிருக்கிறேன்."
"அணில் ஒரு பம்பைத்தான் நிறுத்தியது, டெல்மர்.
ஆலையை நிறுத்தியது நான்."

போனில் கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் ஓடியது.
"ஆறு மணிநேரம்," என்றான் பிறகு.
"ஈரக் காகிதத்தை ரோலரிலிருந்து
கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தோம், தார்யா.
அணிலின் பரம்பரையையே திட்டிக்கொண்டு."

"சரி, எதில் வைக்க?"
டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது.
என் முன்னே எண் இருந்தது, அடிக்கோடிட்டு.
"நான் சொல்லக்கூடாது. முத்திரை உள்ளவர்
சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்."
"முன்னே யாரைக் கேட்டாய்?"
"யாரையும் இல்லை."
"படிப்பு உன்னை மெதுவாக்கிவிட்டது."
"ஆமாம்," என்றேன். "ஒரு கால் விநாடி."
அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா, தெரியவில்லை.

வைக்கும் முன்னால்
எழுதுவதை வாசித்துக் காட்டினான்:
இரவு 2:10. கிவேலா கூப்பிட்டாள்.
அணில் பற்றிய குறிப்பில் திருத்தம்.
அதன் பங்கு, பம்ப் மட்டும்.
காலையில் எஞ்சினியரிடம் சொல்லவும்.

ஈடு இல்லை என்றார்களே,
அந்த எழுத்து இதுதான்.

புத்தகத்தின் எண்களுக்குத் திரும்பினேன்.
பின்பக்கத்தில் ஒற்றைப்படைக் கணக்குகளுக்குத்தான் விடை.
இது நான்காவது.