கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டு நாற்பது நிமிஷம்.
ஊர்ந்து வந்த கூட்ஸ் வண்டி
குறுக்கே படுத்துவிட்டது.
ஷேர் ஆட்டோவில் ஏழு பேர், ஓர் இறால் கூடை.
ஸ்டான்லியில் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டியவள் நான்.

பையில் நூலகப் புத்தகம்,
கெடு முடிந்து பதினோரு நாள்.
கிரேக்கத்தில் ஒருவன் வெறுங்காலோடு சந்தையில் நின்று
போகிறவன் வருகிறவனை மறித்துக் கேட்கிறான்.
மாட்டிக்கொண்டவர்கள் சொல்கிறார்கள்
"ஆம்."
"வேறெப்படி இருக்க முடியும்?"
"நீ சொல்வது சரியே."
பக்கம் பக்கமாக.
எனக்கு அவர்கள்மேல் சந்தேகம்.
வீட்டில் அடுப்பில் ஏதோ
கொதித்துக்கொண்டு இருந்திருக்கும்.

அப்போதுதான் அந்தப் பையன்
புத்தகப் பையை முன்னால் தள்ளிவிட்டு
வேகனுக்கு அடியில் நுழைந்தான்.

"தில்லு பார்யா!" என்றான் தேசிங்கு
ஹேண்டில்பாரில் தாளம் போட்டபடி.

"இன்னா அது, தில்லுன்னா?"
கூடைக்குப் பின்னாலிருந்து பூங்காவனம்.

"பயப்படாம போறது."

"எங்கூட்டுக் கோழிகூட பயப்படாமத்தான்
லாரிக்கு அடியில போச்சி.
கொயம்பு வெச்சோம். தில்லுன்னு யாரும் சொல்லல."

"கோழிக்கு இன்னா தெரியும்?
தெரிஞ்சி போனாத்தான் தில்லு."

"இன்னா தெரிஞ்சி? வண்டி நவுராதுன்னா?
நவுராதுன்னு தெரிஞ்சா அப்பால இன்னா தில்லு,
நா கக்கூஸுக்குப் போற மாரிதானே?"

"நவுரும்னு தெரிஞ்சி போனா?"

"அதுக்கு வேற பேரு கீது."

ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏசுபாதம்,
மெட்ரோ வாட்டர் கான்ட்ராக்ட்,
இதுவரை வாயைத் திறக்காதவர், சொன்னார்:
"பயந்துகினே போறாம்பாரு, அத்தான்."

பூங்காவனம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
"அப்போ மாசம் அஞ்சாந்தேதி
வட்டிக்காரன் வூட்டாண்ட நா போறனே,
கால் நடுங்க நடுங்க.
அது இன்னா?"

ஒருவரும்
ஆம் என்று சொல்லவில்லை.
வேறெப்படி இருக்க முடியும் என்று கேட்கவில்லை.
தேசிங்கு தாளத்தை நிறுத்தினான்.
நான் பைக்குள் கைவிட்டுப்
புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.

தண்டையார்ப்பேட்டைப் பக்கமிருந்து
ஒரு கொக்கி இழுபட்டது,
அடுத்தது, அதற்கடுத்தது,
இரும்பின் அந்தக் குலுக்கல் எங்களைத் தாண்டி ஓடியது.
"டேய்!" என்று ஏழு பேரும் ஒரே குரலில்.

வண்டி நகர்ந்தது. மெதுவாக. கரித்தூள் உதிர.
கடைசி வேகனுக்குப் பின்னால்
அந்தப் பக்கம், சுவரோரம்,
பையை அணைத்துக்கொண்டு நின்றான் பையன்.
தண்டவாளத்து நடுவே ஒரு நீலச் செருப்பு.

கேட் தூக்கினார்கள்.
எல்லா ஹார்னும் ஒன்றாக.
"வுடுக்கா, எறா நாறிடப் போவுது" என்றான் தேசிங்கு,
பாதிப் பேச்சு அங்கேயே கிடந்தது.

அவள் கூடையை என் மடியில் வைத்தாள்,
என்னைக் கேட்காமலே.
இறங்கி, லாரிகளுக்கு நடுவே குனிந்து எடுத்துக்
கையை உயர்த்தி ஆட்டினாள்:

"டேய் தில்லு!
ஒத்தச் செருப்போட எங்கடா போற?"