கையுறை அலமாரி

நான் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
மீன்வாடை என் பேரேட்டில்கூட உண்டு,
மீனை மட்டும் நான் தொட்டதில்லை.

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில், சாலை முடியும் ஊர்.
நவம்பர் இறுதியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும்.
அதுவரை
வெளிச்சம் என்றால் குழல்விளக்கு,
காலை என்றால் ஆலைச் சங்கு.

தலைமை அலுவலகம் ஒரு பெட்டி அனுப்பியது.
மூன்று பொத்தான்கள், மூன்று முகங்கள்:
பச்சை சிரித்தது, மஞ்சள் சும்மா இருந்தது,
சிவப்பு உதட்டைப் பிதுக்கியது.
'இன்று வேலை எப்படி இருந்தது?'
வாசலில் மாட்டினார்கள்,
கேமராவுக்கு நேர் கீழே.

மூன்று மாதமும் பச்சைதான் விழுந்தது.
ரெய்க்யவிக்கில் யாரோ கைதட்டியிருக்க வேண்டும்,
எங்களுக்கு ஒரு கூடை வாழைப்பழம் வந்தது.
அதே மூன்று மாதத்தில்
விடுப்புப் பத்தியில் நான் எழுதியவை:
மணிக்கட்டு. மணிக்கட்டு. முதுகு.
மணிக்கட்டு.
காரணம் சொல்லப்படவில்லை.

பிறகு ஸ்டெயின்வோர் மேலாளராக வந்தாள்.
முதல் வாரம் அவள் அறையில் விளக்கே எரியவில்லை.
எலும்பு பிடுங்கும் மேசையில்
போகுமிவாவுக்கும் லெஷெக்குக்கும் நடுவே நின்றாள்,
காட் மீனின் முதுகில் கத்தி வழுக்க வழுக்க,
மெதுவாய், படுமோசமாய்.
அவள் கெடுத்த துண்டுகளை எடைபோட்டு
நஷ்டத்தில் எழுதியது நான்தான்.

வெள்ளிக்கிழமை உணவறையில் கேட்டாள்:
"எங்கே வலிக்கிறது?"

பதினொரு போலந்துக்காரர்கள்,
நான்கு பிலிப்பைன்ஸ் பெண்கள்,
ஊர்க்காரர்கள் ஆறு பேர்.
காப்பி இயந்திரம் மட்டும் பேசியது.
கேள்விக்குள் கொக்கி இருக்கும் என்று
மீனோடு பழகியவர்களுக்குத் தெரியாதா.
"நன்றாகத்தான் இருக்கிறோம்" என்றார் ஹாஃப்லிதி,
முப்பது வருடமாய் அதையே சொல்லி வருபவர்.

ஸ்டெயின்வோர் தன் கைகளை மேசைமேல் வைத்தாள்.
விரல்நுனிகள் நீலம்.
"எனக்கு இங்கே" என்றாள்.

போகுமிவா சிரித்துவிட்டாள்.
சிரிப்பு முடியுமுன்பே சொல்லியும் விட்டாள்:
"கையுறை.
நேற்றைய ஈரம் காயாத கையுறை.
காலை ஆறு மணிக்கு அதற்குள் கைவிடுவது
செத்த மீனின் வாய்க்குள் விடுவது மாதிரி."

அணை உடைந்தது என்று எழுத ஆசை.
உடையவில்லை. சொட்டியது.
ஒருத்தி பெல்ட்டின் வேகம் என்றாள்.
பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில்
போன் சட்டைப்பையில் இருக்கலாமா என்றான் லெஷெக்.
ஹாஃப்லிதி எழுந்து போனார்.

உலர்த்தும் அலமாரி வந்தது.
அதன் விலை, மகிழ்ச்சி ஆலோசகர் அனுப்பிய ரசீதில்
மூன்றில் ஒரு பங்கு.
இரண்டையும் எழுதிய பேனா என்னுடையது.
முகப்பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்,
சுவரில் நாலு துளைகள் இன்னும் இருக்கின்றன.
இப்போது ஆலையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்:
அழுத்தினால் பெல்ட் நிற்கும்,
யார் அழுத்தினாலும்.

முதலில் அழுத்தியவள் ரோவெனா.
அழுத்திவிட்டு, அடிவாங்கப் போகிறவள் போல
தோளைக் குறுக்கி நின்றாள்.
ஸ்டெயின்வோர் நடந்து வந்தாள்.
"தண்ணீர் வேண்டுமா?"
அன்று பெல்ட் நாலு நிமிடம் நின்றது.
அதையும் எழுதினேன். எந்தப் பத்தி என்று தெரியாமல்
ஓரத்தில், பென்சிலால்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
சம்பளம் அதே சம்பளம்.
மணிக்கட்டுகள் குறைந்தன, முதுகுகள் குறையவில்லை.
வாழைப்பழக் கூடை இன்னும் வருகிறது,
யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை.

நேற்று சங்குக்கு முன்பே வந்துவிட்டேன்.
வெளியே பனி கிடைமட்டமாய் வீசியது.
அலமாரியைத் திறந்தேன்.
வெதுவெதுப்பில் கையுறைகள் விரல் விரித்து நின்றன,
ஏதோ கேட்டதற்கு எல்லோரும் கை தூக்கியது போல.
எண்ணினேன், பழக்கதோஷம்.
இருபது ஜோடி.
ஹாஃப்லிதி இல்லை.

எனக்குக் கையுறை கிடையாது.
வெறுங்கைகளை உள்ளே நீட்டினேன்.
சங்கு ஊதும்வரை எடுக்கவில்லை.