கைகளை எண்ணும் காட்சி

ஹென்னூர் சாலையில் மூன்றாவது மாடி,
கீழே டயர் கடை.
விளையாட்டை உடைத்துப் பார்ப்பதற்கு
எனக்குச் சம்பளம்.

இந்த முறை கதை ஒரு திருச்சபை.
நீங்கள் செயலாளர்.
பிஷப் ஓய்வு பெறப் போகிறார்.
கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தை
ஒரு கட்டுமானக் கம்பெனி கேட்கிறது.
தமிழ் ஆராதனையை ஏழு மணிக்குத் தள்ளி
ஒன்பதை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால்
நாற்பது ஓட்டு உங்கள் பக்கம்.
சதுரம் அழுத்தினால் கையெழுத்து.
வட்டம் அழுத்தினால் ஜெபம்.

முடிவுகள் பதினொன்று.

நிலத்தை விற்றேன்:
புதுக் கோபுரம், எல்இடி சிலுவை, மூன்றாம் முடிவு.
கணக்குப் புத்தகத்தை அறிவிப்பு நேரத்தில்
மைக்கில் வாசித்தேன்:
கோர்ட் தடை, கதவில் பூட்டு, ஐந்து.
எதிரணிக்காரர் மகளின் கல்யாணத்துக்கு
ஆலயம் தர மறுத்தேன்: எட்டு.
எட்டில் மழை பெய்யும்.
மழை மட்டும் நன்றாக வந்திருக்கிறது.
ஒரு நாள் எதையும் தேர்ந்தெடுக்காமல்
சாப்பிடப் போய்விட்டேன்,
திரும்பி வந்தால் நானே பிஷப்.
பிழை என்று எழுதி அனுப்பினேன்.
சுஹாஸ் பதில் போட்டான்:
'பிழை இல்லை, டிசைனே அதுதான்.'

எந்த வழியில் போனாலும் வருவது
வருடாந்தர சபைக் கூட்டம்.
ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்.
ஒரே கையை நாற்பது தடவை
நகலெடுத்திருக்கிறார்கள்,
நாற்பதிலும் அதே மோதிரம்.
நாற்பதும் ஒரே நொடியில் எழும்புகின்றன.

கைகள் இப்படி எழும்பாது என்று எழுதினேன்.
முதலில் பக்கத்து ஆளைப் பார்க்கும்.
காது வரை வந்து,
காதைச் சொறிந்துவிட்டு இறங்கும்.
'உனக்கு எப்படித் தெரியும்?' என்றான்.
யூடியூபில் பார்த்தேன் என்றேன்.

லிங்கராஜபுரம், 2009.
அப்பா ஒன்பது வருடம் பொருளாளர்.
அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில்
பதினோராயிரத்து முந்நூறு ரூபாய்
விட்டுப்போயிருந்தது.
ஞானாபரணம் ஐயாவை நம்புகிறவர்கள்
கை உயர்த்துங்கள்.
எனக்குப் பதின்மூன்று. ஓட்டில்லாத வயது.
உயர்த்தினேன்.

மூன்று வரிசை முன்னால் அம்மா.
அவள் கை மேலே போனது,
முக்காட்டைத் தொட்டது,
அங்கேயே நின்றது.
சேலையைச் சரி செய்கிறாளா,
ஓட்டுப் போடுகிறாளா?
எண்ணிக்கொண்டு வந்தவர் ஒரு கணம் தயங்கினார்,
பிறகு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

பதினேழுக்கு இருபத்திரண்டு.
அவள் கையைச் சேர்த்தாலும்
முடிவு மாறியிருக்காது.
பல இரவுகள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் காக்ஸ் டவுனில் வேறு ஆலயம்,
கடைசி பெஞ்சு.
அப்பா காணிக்கை உறையின் மேல்
தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதுவார்.
செக் எழுதுவது போல.
சாகும் வரை அப்படித்தான்.

போன சனிக்கிழமை அம்மா
அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டாள்,
இப்ப என்ன கேம்?
சொன்னேன்.
தப்பா அழுத்திட்டா திரும்பிப் போகலாமா?
போகலாம். கை தூக்குற சீனுக்கு முன்னாடி
ஒரு சேவ் இருக்கு.

ஒரு காய் முழுதும் உரித்து முடித்தாள்.
அதுக்கும் முன்னாடி வேணும், என்றாள்.

எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.
குக்கர் விசில் அடித்தது,
எழுந்து போனாள்.

திங்களன்று புதிய பதிப்பு வந்தது.
என் குறிப்பைப் படித்திருக்கிறார்கள்:
சில கைகள் தாமதிக்கின்றன,
சில பாதியில் இறங்குகின்றன.
மூன்றாம் வரிசையில் ஒரு கை
தலைவரை போய் நின்றுவிடுகிறது.
சேர்த்து எண்ணுகிறது ஒரு முறை.
மறுமுறை விட்டுவிடுகிறது.
பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்,
ஒழுங்கே இல்லை.

பிழைப் படிவத்தைத் திறந்தேன்.
நடந்தது என்ன: எழுதினேன்.
எப்படி மீண்டும் நடக்க வைப்பது: எழுதினேன்.
எதிர்பார்த்த விளைவு:

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்
படிவம் போகாது.

ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன்.