மாதிரிக்கு எடுத்த பன்னிரண்டு

ரேஸெக்னே நகருக்கு வெளியே, பிர்ச் மரங்களுக்குப் பின்னால்
நான்காம் எண் கிடங்கு.
பூட்டு உறைந்துபோயிருந்தது.
லைட்டரை அதன்மேல் பிடித்தபடி நின்றார் வில்னிஸ்.
"பனி" என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்,
பனியைக் கொள்முதல் செய்தவர் அவர்தான் என்பதுபோல.

உள்ளே நாற்பதாயிரம் பட்டிகள்,
பாயும் ரத்தத்தை இறுக்கி நிறுத்துபவை.
கறுப்பு நெசவில் ஒரு வார், ஒரு கொக்கி,
விரல் நீளத்தில் ஒரு திருகுகோல். அவ்வளவுதான்.
தொடை கிழிந்தவனுக்கு
மூன்று நிமிடம் இருக்கும் என்கிறார்கள்.
அந்த மூன்று நிமிடத்தைத்தான்
பெட்டிக்கு ஐம்பதாக அடுக்கி
கூரைவரை ஏற்றியிருந்தோம்.

காகிதத்தில் ஒரு பிழை கிடையாது.
டெண்டர், மூன்று விலைப்புள்ளிகள்,
குறைத்துக் கேட்டவருக்கு ஒப்பந்தம்,
டிசம்பர் முப்பதாம் தேதி பணம்.
மறுநாள் மிச்சமிருந்தால்
நிதியமைச்சகம் பிடுங்கிக்கொள்ளும்,
வரும் ஆண்டு ஒதுக்கீட்டிலும் கைவைக்கும்.
மிச்சம் பிடித்த துறையை
மன்னித்த வழக்கம் எங்கள் நாட்டில் இல்லை.

இங்கிருந்து எல்லை
காரில் ஒரு மணி நேரம்.
"இது கேள்வி கேட்கும் காலமா, விஸ்மா?
நாம் இங்கே கேட்பதெல்லாம்
அந்தப் பக்கம் கேட்கும்"
என்றார் மேலதிகாரி.
நல்ல வாக்கியம். மூன்று நாள் என்னைக் கட்டிப்போட்டது.
நான்காம் நாள் ரயிலில் வரும்போது தோன்றியது:
அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.
தெரியாமல் இருக்கப்போவது
இதைக் கட்டிக்கொள்பவனுக்கு மட்டும்.

கண்ணை மூடி ஒரு பெட்டியைக் காட்டினேன்.
கோட்டைக் கழற்றி, சட்டையைச் சுருட்டி
என் இடது கையிலேயே கட்டினேன்.
ஒரு முறுக்கு.
இன்னொன்று. விரல்நுனி மரத்தது.
மூன்றாவதில் ஒரு சின்னச் சத்தம்,
பட்டாணித் தோடு வெடித்தாற்போல.
கோல் இரண்டு துண்டாக உள்ளங்கையில் கிடந்தது.
ரத்தம் தன்பாட்டுக்கு
விரல்வரை போய் வந்தது.

வில்னிஸ் எதுவும் பேசவில்லை.
ஒன்றை எடுத்துத் தன் தொடையில் கட்டி முறுக்கினார்.
உடையவில்லை. எனக்கு அது
உடைந்ததைவிடக் கலக்கமாக இருந்தது.
அடுத்தது உடைந்தது.

"குளிரில்தான் இப்படி.
கணப்பு உள்ள அறையில் நன்றாக நிற்கும்."
"முன்பே தெரியுமா உங்களுக்கு?"
"இரண்டு முறை எழுதினேன்."
"யாருக்கு?"
என் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்.
குற்றம் சாட்டும் தொனி இல்லை,
அஞ்சல் முகவரி சொல்வதுபோலத்தான்.

பெட்டியின் மூடிக்குள் ஏற்புச் சான்றிதழ்.
பரிசோதித்த மாதிரிகள்: பன்னிரண்டு.
உடைந்தவை: இல்லை.
அறை வெப்பநிலை: இருபத்தொன்று.
மேற்பார்வை:
கையெழுத்து யாருடையது என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.
அந்த 'வி'யின் வால் எனக்குத் தெரியும்,
பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.

ரீகாவில் அன்று ஜன்னல்கள் ஆவி படர்ந்திருந்தன.
காபி இருந்தது, ஏலக்காய் ரொட்டி இருந்தது.
பன்னிரண்டும் நின்றன.
பொய் எதுவும் எழுதவில்லை நான்.
போரைக் கணப்புப் பக்கத்தில் நடத்துவார்கள் என்றால்
இன்றைக்கும் அது உண்மைதான்.

"மற்றதை என்ன செய்வது?" என்றார் வில்னிஸ்.
"நல்லதைப் பிரித்து வைக்கவா?"
முறுக்கிப் பார்க்காமல் நல்லது எதென்று தெரியாது.
முறுக்கிப் பார்த்ததை மறுபடி நம்ப முடியாது.
இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

அறிக்கையை இரவே தொடங்கிவிடுவேன்.
முதல் பத்தியில் என் பெயர்.
ரகசியம் என்று முத்திரை குத்துவார்கள்,
மூன்று பிரதி, மூன்று இரும்புப் பெட்டி.
நாடாளுமன்றக் குழு கூடுவது அடுத்த வியாழன்,
கையிலுள்ள கறுப்புக் கோடு
அதற்குள் மஞ்சளாகியிருக்கும்.

கிளம்பும்போது வாசலில் மறித்தார்.
ஒரு படிவம் நீட்டினார், தயங்கித் தயங்கி.
இருப்பில் இரண்டு குறைகிறது,
யாராவது பொறுப்பேற்காவிட்டால்
அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

கையுறையைக் கழற்றினேன்.
மை உறைந்திருந்தது. பேனாவை
வாயருகே வைத்து ஊதினேன்.
அதுவரை
படிவத்தை முழுசாகப் படித்தேன்,
பின்பக்கத்தையும்.