உள்ளூர் வண்டி

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எனக்கு ஆறாவது லேன்.
ஃபாஸ்டேக் படிக்காத வண்டிகள்,
"லோக்கல் மேடம்" என்று
கண்ணாடியை முழுசாக இறக்காமலே கையாட்டும் வண்டிகள்
எல்லாம் என் பக்கம்தான் வரும்.
காவேரிப்பட்டணம், பர்கூர் என்று அட்டையில் இருந்தால் போதும்,
கட்டை உயரும்.
பழகின முகமென்றால் அட்டைகூட வேண்டாம்.

இடது குதிகாலில் அந்தக் கரும்புள்ளி.
தார் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
கால் ஆணி என்றார் மருந்துக்கடைக்காரர்,
நாற்பது ரூபாய்க்கு ஒரு வட்டப் பிளாஸ்திரி.
எட்டு மாதம்
அதை மிதித்துக்கொண்டுதான் டூட்டிக்குப் போனேன்.

தருமபுரியில் ஒரு துண்டு வெட்டி அனுப்பினார்கள்.
பெங்களூரில் டாக்டர் ரெஹானா சொன்னார்:
வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை,
தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுதான் கெட்டுப்போயிருக்கு.
காவல் அணு கிட்டப் போய்ப் பார்க்கும்,
இது கையை நீட்டி ஏதோ காட்டும்,
அது விட்டுவிடும்.

நான் சிரித்துவிட்டேன்.
அவருக்குக் காரணம் புரியவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பை.
உள்ளே ஆன்டிபாடி.
படம் போட்டுக் காட்டினார்,
மாங்கொப்பை வளைக்கிற கவட்டைக் குச்சியேதான்.
அது புற்றைக் கொல்லாதாம்.
காவல்காரன் கையைப் பிடித்துக்கொள்ளுமாம்,
நீட்டுகிற அட்டையை வாங்க முடியாதபடி.
அவ்வளவுதான்.
அதற்கப்புறம்தான் அவன் முகத்தைப் பார்ப்பான்.

ஒரு பையின் விலை
என் லேனில் ஒரு ஷிஃப்ட் வசூல்.
ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது
என் கூண்டுக்குள் வேறொருத்தி
கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

ஐந்தாவது பைக்குப் பிறகு விரல்நுனி வெளுத்தது.
பிறகு புறங்கை, உதட்டோரம்,
ஒரு புருவத்தில் பாதி.
மீதிச் சில்லறை வாங்குகிறவர்கள்
என் விரல் படாமல் வாங்கப் பழகினார்கள்.
சூப்பர்வைசர் முனிரத்தினம்
கையுறை வாங்கித் தந்தார், கேட்காமலே.
கல்லாவியில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம்.
"நீ அலையாதே, ரெஸ்ட் எடு" என்றாள் போனில்,
அன்பாகத்தான்.

ரெஹானா என் கையை
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்லதுங்க. முழிச்சிக்கிட்டாங்க.
கறுப்பு உண்டாக்குற அணு எது வந்தாலும் நிறுத்துறாங்க."
நல்லதையுமா?
"நல்லதையும்."
ஸ்கேனில், தொடை இடுக்கில் இருந்த நெரிகட்டி
பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

தப்பே செய்யாத அணுக்கள்.
முப்பத்தெட்டு வெயில் என் மேல் படாமல் வாங்கிக்கொண்டவை.
அவற்றிடம் போய் யார் என்ன சொல்வது?

நேற்று பர்கூர் பால்வண்டி.
பதினொரு வருஷமாகப் போய் வருகிறவர்,
கையாட்டினார்.
கட்டையை உயர்த்தவில்லை.
அட்டையைக் கேட்டேன்.

"நம்மளத் தெரியாதாம்மா உனக்கு?"

தெரியும்ணே, என்றேன்.
கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு
கையை நீட்டினேன்.